துணை அமைச்சரின் முகம் தொடர்பாகச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். 'சம்பந்தி' என்று எழுதி, அடித்துவிட்டு 'ஐயா' என்று எழுதி, அதையும் அடித்துவிட்டு, கடைசியில் துணிந்து மறுபடி சம்பந்தி என்றே எழுதியிருக்கிறேன். அடித்தல் திருத்தலுக்கு மன்னிக்கவும். இங்கே என் மகள் என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர எல்லாரும் சௌக்கியம். தாங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளையும் நலம்தானே? எந்த முகத்தை வைத்துக்கொண்டு இவன் நலம் விசாரிக்கிறான் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. இந்தக் கடிதமே முகத்தைப் பற்றியதுதான்.

"அந்தப் பொம்மை டிவியில வந்துட்டிருக்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சே கிடையாது" என்று தாங்கள் மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பியது கிடைத்தது. தினமும் கண்ணில் படட்டும் என்று அதை அப்படியே ஒரு காகிதத்தில் எழுதி என் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கல்யாணம் நடக்கும். நடத்தியே தீருவேன். நம் பிள்ளைகள் ஒரே அலுவலகத்தில் ஐந்து வருஷம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து, நன்றாக யோசித்துத்தான் ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒரு ரப்பர் தலை அதைக் கெடுக்க நான் விடமாட்டேன். ஆனால் நடந்ததை ஒன்று விடாமல் உங்களிடம் சொன்னால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

முதலில் என் உத்தியோகம். உங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் தொலைக்காட்சியில் கலைப் பிரிவில் இருப்பதாகச் சொன்னேன். "நியூஸ் படிப்பீங்களா?" என்று சம்பந்தி அம்மா ஆசையாகக் கேட்டார்கள். "நியூஸுக்குப் பக்கத்துலதாங்க" என்றேன். அது பொய் இல்லை. செய்தி அறைக்கு அடுத்த அறைதான் என் பட்டறை. இருபத்தாறு வருஷமாக அங்கே பொம்மைத் தலை செய்கிறேன். களிமண்ணில் முகம் பிடித்து, அதிலிருந்து அச்சு எடுத்து, ரப்பர் ஊற்றி, கண் வைத்து, வாய் திறந்து மூடுகிற மாதிரி செய்து கொடுக்க வேண்டும். இத்தனை வருஷமும் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு முயல், கரடி, மூக்குக்கண்ணாடி போட்ட ஆமை என்றுதான் செய்து வந்தேன். எந்த முயலும் எந்தக் கரடியும் என் மேல் வழக்குப் போட்டதில்லை. திடீரென்று குழந்தைகள் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு, பெரியவர்களுக்காக அரசியலைக் கிண்டல் செய்கிற பொம்மை நிகழ்ச்சி ஒன்றை ஆரம்பித்தார்கள். 'உள்ளே யாரு?' என்று பெயர். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, வெள்ளிக்கிழமை மாலை, நேரடி ஒளிபரப்பு. எனக்கு இனி முயல் கிடையாது, மனிதர்கள்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த முதல் நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் நாங்கள் உங்கள் வீட்டுக்கு வந்தோம். நினைவிருக்கும், நான் உங்களுக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரத்தில் மொத்தம் ஏழெட்டு வார்த்தைதான் பேசியிருப்பேன். அதில் முக்கியமானது ஒரே ஒரு கேள்வி. "பிள்ளைங்க விஷயம்... உங்களுக்குச் சம்மதந்தானே?" என்று கேட்டேன். நீங்கள் வலது காது மடலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "பரிசீலனையில இருக்குங்க" என்றீர்கள். குடிநீர் அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு பார்த்தவர் அப்படித்தான் பேசுவார் என்று என் மனைவி எனக்குச் சமாதானம் சொன்னாள். "இன்னொரு டீ?" என்று சம்பந்தி அம்மா கேட்டதற்கும் நீங்கள் அதே காதைப் பிடித்துக்கொண்டு "பரிசீலிக்கலாம்" என்றுதான் சொன்னீர்கள். எனக்கோ கதி கலங்கிவிட்டது. வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் உங்கள் முகத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனால், பொது வசதித் துறைத் துணை அமைச்சர் என்ற கற்பனைப் பாத்திரத்துக்காக நான் செய்து வைத்திருந்த தலை வாயோரம் கிழிந்து கிடந்தது. மூன்றே நாளில் புதிதாகச் செய்தாக வேண்டும். எங்கள் இயக்குநரிடம் போய் யார் மாதிரி செய்யட்டும் என்று கேட்டேன். "யார் மாதிரியும் இருக்கக் கூடாது. ஆனா பார்க்கிறவன் இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கோமேன்னு நினைக்கணும்" என்றார். இந்த மாதிரி உத்தரவுக்கெல்லாம் தலையாட்டித்தான் எனக்குப் பழக்கம். களிமண்ணை எடுத்து வைத்தேன். கை பாட்டுக்கு வேலை செய்தது. சம்பந்தி, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியாது. மூக்கு செய்யும்போது நான் மூக்கை மட்டும்தான் பார்ப்பேன், காது செய்யும்போது காதை மட்டும்தான். முழு முகத்தையும் தள்ளி நின்று பார்ப்பது விளக்கு போட்டு மேடையில் ஏற்றிய பிறகுதான். தலையை முடித்துக் கொடுத்தபோது இயக்குநர் "அட, இவரை எங்கேயோ பார்த்திருக்கேனே!" என்று குதித்தார். நானும் முட்டாள் மாதிரி பெருமைப்பட்டுக்கொண்டேன்.

காது விஷயத்திலும் என் மேல் தப்பு உண்டு, மறைக்க மாட்டேன். எங்கள் பொம்மையின் தலையையும் இடது கையையும் ஒருவர் ஆட்டுவார், வலது கையை மட்டும் இன்னொருவர் ஆட்டுவார். அந்த இன்னொருவரை நாங்கள் வலதுகை என்றே கூப்பிடுவோம். வலதுகை என்னிடம் வந்து, "அண்ணே, இந்த ஆளு சும்மா நிக்கும்போது கையை எங்க வெச்சுக்குவாரு?" என்று கேட்டான். நான் பசை தடவிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "காதுல" என்றேன். "எந்தக் காதுண்ணே?" என்றான். "வலது" என்றேன். இவ்வளவுதான் நடந்தது.

உங்கள் 'பரிசீலனை' என்ற வார்த்தை எப்படி நிகழ்ச்சிக்குப் போனது என்று கேட்பீர்கள். அன்று மதியச் சாப்பாட்டின்போது நான் தட்டில் கையை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். நிகழ்ச்சிக்கு வசனம் எழுதுகிற பெண் என்னவென்று விசாரித்தாள். என் மகள் கல்யாணம் பரிசீலனையில் இருக்கிறதாம் என்று என் கவலையைச் சொன்னேன். வேடிக்கையாகச் சொல்லவில்லை, கண் கலங்கித்தான் சொன்னேன். அந்தப் பெண் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே கைக்குட்டையை எடுக்கிறாள் என்று பார்த்தால், நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் குறித்துக்கொண்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்று சொல்வார்களே, நான் உங்கள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

இதற்கெல்லாம் மேலே, நானே உங்களுக்கு மூன்று முறை தொலைபேசி செய்து, "வெள்ளிக்கிழமை அவசியம் பாருங்க, கடைசியில என் பேர் வரும்" என்று சொன்னேன். நீங்கள் பெரிய மனசு பண்ணி, வரப்போகிற சம்பந்தியின் பெயர் டிவியில் வருகிறது என்று உங்கள் அலுவலகத்தில் பதினொரு பேரை வீட்டுக்கு அழைத்து, பக்கத்து வீட்டில் நாற்காலி கடன் வாங்கிப் போட்டீர்கள் என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். ஆரம்பத்தில் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று எழுத்து வந்ததும், என்ன கண்றாவியோ என்று சம்பந்தி அம்மா ஜன்னலை மூடினார்களாம். அப்படியே கரண்டையும் நிறுத்தியிருந்தால் நம் இரண்டு குடும்பமும் இன்று நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் அப்போது மேடைக்குப் பின்னால் பசை டப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன். திரை விலகுகிறது. ஆற்றின் பாதியில் முடிந்துபோன ஒரு பாலம். அதைத் திறந்துவைக்கத் துணை அமைச்சர் வருகிறார். விளக்கு முகத்தில் விழுகிறது. நான் கையிலிருந்த டப்பாவைக் கீழே போட்டேன். அங்கே மேடையில் நின்றது நீங்கள்! நான் பதறிப்போய் மேடை உதவியாளரின் சட்டையைப் பிடித்து, "நிறுத்துங்க, அது எங்க சம்பந்தி" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணே, அது ரப்பர்" என்றார். அதற்குள் நிருபர் பொம்மை, "மீதிப் பாலம் எங்கே ஐயா?" என்று கேட்கிறது. துணை அமைச்சர் வலது காதைப் பிடித்துக்கொண்டு, "பரிசீலனையில் இருக்கிறது" என்கிறார். சபை சிரிக்கிறது. சிரித்ததும் வலதுகைக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் காதைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான். ஆறாவது கேள்வியில் காது கையோடு வந்துவிட்டது. துணை அமைச்சர் அந்தக் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், "இதுவும் பரிசீலனையில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூரை பறக்கிற அளவுக்குக் கைத்தட்டல். அதே நேரத்தில் உங்கள் வீட்டில் பதினொரு பேரும் திரும்பி உங்களைப் பார்த்தார்களாம். நீங்கள் அப்போது காதைப் பிடித்துக்கொண்டிருந்தீர்களாம். அதன் பிறகுதான் 'முக அமைப்பு' என்ற தலைப்பில் என் பெயர் தனியாக, பெரிய எழுத்தில் வந்தது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் மேலதிகாரி ஏதோ கோப்பைக் கேட்க, நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே அறை முழுக்கச் சிரித்தது என்று கேள்விப்பட்டேன். அன்று முழுவதும் நீங்கள் யாரோடும் பேசாமல், மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்றும் மாப்பிள்ளை சொன்னார். நான் சிரிக்க வைப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன், அந்தச் சிரிப்பு ஒருவர் மேல் எப்படி விழும் என்று இத்தனை வருஷத்தில் யோசித்ததே இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

இங்கே என் வீட்டு நிலவரமும் சொல்லும்படி இல்லை. "எதிர்ல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாம அந்த மனுஷன் மூஞ்சியை முழுங்கிட்டு வந்திருக்கீங்க" என்கிறாள் என் மனைவி. மகள் பேசுவதை நிறுத்திவிட்டு ஃபிரிட்ஜில் சீட்டு ஒட்டுகிறாள். "அப்பா, மோட்டார் போடவும். இப்படிக்கு, தற்போதைக்கு உங்கள் மகள்" என்று நேற்று ஒரு சீட்டு. அந்தத் 'தற்போதைக்கு' என்பதைப் படித்துவிட்டு நான் மோட்டார் போட மறந்துவிட்டேன்.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நிகழ்ச்சிக்கு மறுநாளே இயக்குநரிடம் போய் அந்தப் பொம்மையை எடுத்துவிட வேண்டும் என்றேன். "என்ன விளையாடுறீங்களா? ஊரே அந்தக் காதைப் பத்திதான் பேசுது" என்றார். அப்படியானால் முகத்தையாவது மாற்றுவேன் என்றேன். மாற்றினேன். மூக்கைக் கொஞ்சம் செதுக்கினேன். மாப்பிள்ளையைப் பட்டறைக்கு வரவழைத்துக் காட்டினால், "மாமா, அப்பா கல்யாண போட்டோவுல இப்படித்தான் இருப்பாரு" என்கிறார். மீசை ஒட்டினேன். "ஐயோ, இது பெரியப்பா!" என்று இரண்டடி பின்னால் போனார். உங்களுக்கும் உங்கள் அண்ணாவுக்கும் மதில் சுவர் விஷயமாக ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்று தெரிந்ததும் மீசையை அந்த நிமிஷமே பிய்த்துவிட்டேன். வழுக்கை வைத்தேன். "இன்னும் பத்து வருஷத்துல அப்பா" என்றார். எந்தப் பக்கம் இழுத்தாலும் நீங்கள்தான் வந்து நின்றீர்கள். உங்கள் முகம் அவ்வளவு உறுதியானது, சம்பந்தி.

ஆகவே ஒரேயடியாக ஒரு முடிவு எடுத்தேன். வேலையை விட்டாலும் விடுவேன், அந்தத் தலை மறுபடி மேடை ஏறாது என்று இயக்குநர் மேசையில் ராஜினாமாக் கடிதத்தை வைத்தேன். அவர் மிரண்டுபோய், சரி, அமைச்சரவை மாற்றம் வந்ததாக வைத்துக்கொள்வோம், புதுத் துணை அமைச்சர் வரட்டும் என்று இறங்கி வந்தார். உங்களுக்கும் அந்தப் பொம்மைக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது என்று நான் அதைப் பெண்ணாகவே செய்துவிட்டேன். யாரையும் பார்க்காமல், யாரையும் நினைக்காமல், கண்ணை மூடிக்கொண்டு மனசிலிருந்து எடுத்த முகம். உருண்டைக் கன்னம், அதில் ஒரு குழி, முன்பல் இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி, இன்னும் ஒரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்களேன் என்று சொல்லப்போகிற மாதிரி ஒரு சிரிப்பு. எங்கிருந்து வந்ததோ, தானாக வந்தது. என் வாழ்நாளில் செய்த தலைகளிலேயே இதுதான் உயிரோட்டமானது என்று பட்டறையில் எல்லாரும் சொல்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை முழு நிகழ்ச்சியும் இந்த அம்மையார்தான். லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார். அரை மணி நேரமும் திரை நிறைய அந்த முகம் மட்டும்தான் தெரியும். இனி நீங்கள் தைரியமாக நிகழ்ச்சியைப் பார்க்கலாம்.

பழைய தலையை என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அதற்கு இருப்பது ஒரே சாவி. அதை இத்துடன் வைத்து அனுப்புகிறேன், உங்களிடமே இருக்கட்டும். உங்கள் குடும்பத்தில் ஒருவருடைய முகமும் இனி என் கையிலிருந்து வராது. இது என் மகள் மேல் ஆணை.

கடைசியாக ஒன்று. ஏன் உங்கள் முகம் மட்டும் இப்படி என் கையில் ஒட்டிக்கொண்டது என்று பதினொரு நாளாக யோசித்தேன். அன்று நான் பேசாமல் உட்கார்ந்திருந்தது திமிரால் இல்லை, பயத்தால். என் மகள் நாளைக்குக் காய்ச்சல் என்று படுத்தால் இந்த முகம் என்ன ஆகும், அவள் ஒரு கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைத்தால் இந்தப் புருவம் எவ்வளவு தூரம் மேலே போகும், அவள் அழுதால் இந்தக் கண் எங்கே பார்க்கும் என்றுதான் இரண்டு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யார் முகத்தையும் நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. நாங்கள் கிளம்பும்போது வாசலில் அவள் செருப்பு வார் அறுந்துவிட்டது. நீங்கள் யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய், சம்பந்தி அம்மாவின் செருப்பைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடரத் திரும்பிப் போனீர்கள். அந்த நிமிஷமே அவளைப் பற்றிய என் பயம் போய்விட்டது. முகம் மட்டும் விரலில் தங்கிவிட்டது. அந்த வீட்டில்தான் என் மகள் இருக்க வேண்டும். அதற்காக நான் எதையும் செய்வேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், அவர் தலையில் ஒரு முடிகூட நரைக்காமல் நூறு வருஷம் இருக்கட்டும். சம்பந்தி அம்மாவுக்கு என் பணிவான வணக்கம். அன்று அவர்கள் சிரித்த முகத்தோடு உபசரித்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது என்று சொல்லவும்.

தங்கள் சம்மதத்தை எதிர்பார்த்து நிற்கும்,
தங்கள் சம்பந்தி (என்று எண்ணிக்கொண்டிருப்பவன்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது என் மகள் பட்டறைக்கு வந்தாள். பதினொரு நாளைக்குப் பிறகு என்னோடு பேசினாள். புதுத் துணை அமைச்சரைப் பார்த்து அவள் பேசிய முதல் வாக்கியம்: "அப்பா, எதுக்கு அத்தையைச் செஞ்சு வெச்சிருக்கீங்க?"

தள்ளி நின்று பார்த்தேன். சம்பந்தி அம்மாதான். கன்னத்துக் குழி, பல் இடைவெளி, பிஸ்கட், எல்லாம் அவர்களேதான். ஆகையால் மேலே சொன்ன சாவியை இத்துடன் வைக்கவில்லை. மேலே சொன்ன ஆணையையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இன்று புதன்கிழமை. இன்னொரு தலை செய்து காய மூன்று நாள் ஆகும், நிகழ்ச்சி நாளை மறுநாள். என்னிடம் இருப்பது இரண்டே இரண்டு தலை. வெள்ளிக்கிழமை லிஃப்டில் மாட்டிக்கொள்ளப் போவது ஒன்று நீங்கள், இல்லையென்றால் சம்பந்தி அம்மா. யார் என்று நாளை மதியத்துக்குள் சொல்லி அனுப்புங்கள். மாப்பிள்ளை கையிலேயே இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். சம்பந்தி அம்மா பார்ப்பதற்கு முன்னால் கிழித்துவிடவும்.

இந்த நிலைமை எனக்கு வந்திருந்தால் நான் யாரைக் காட்டிக் கொடுத்திருப்பேன் என்று என் மனைவியிடம் கேட்டுப் பார்த்தேன். "உங்க மூஞ்சியைத்தான் குடுத்திருப்பீங்க. அப்புறம் வீட்டுக்கு வர வேண்டாமா?" என்றாள்.